வேலூரில் பேறுகால மருந்து செட்: தைலத்துக்குக் காசு கொடுக்கலாம், பத்தியச் சீட்டுக்கு வேண்டாம்

வேலூரில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து வாங்குவதென்றால் வழி மூன்று. லாங் பஜார், நேதாஜி மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 'பிரசவ மருந்து' என்று கேட்டால் சாமான்களைச் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். ஆயுர்வேதக் கடைகளில் கேரளக் கம்பெனிகளின் பேறுகால செட் அட்டைப்பெட்டியில் கிடைக்கும். மூன்றாவது, வீட்டுக்கே வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடும் அம்மாக்கள். 14 நாள், 21 நாள், 28 நாள் என்று பேசி முடிப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்துச் செலவழிக்கும் குடும்பங்கள் பல. அவ்வளவும் தேவையில்லை.

முதலில் அட்டைப்பெட்டி. உள்ளே பெரும்பாலும் தன்வந்தரம் தைலம் அல்லது குழம்பு, தசமூலாரிஷ்டம், ஜீரகாரிஷ்டம், தன்வந்தரம் கஷாயம், அதே பெயரில் குளிகை, ஒரு லேகியம் இருக்கும். சிலவற்றில் குழந்தைக்குத் தேய்க்க லாக்ஷாதி கேரம் என்ற தேங்காய் எண்ணெய்த் தைலமும் சேர்ந்திருக்கும். கூட ஒரு பத்தியச் சீட்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இதில் காசுக்குத் தகுந்த பொருள் தைலம்தான். தன்வந்தரம் தைலத்தின் தலையான சரக்கு குறுந்தொட்டி வேர். அதோடு தசமூலம் என்ற பத்து வேர்கள், கொள்ளு, யவம் (பார்லி), இலந்தை எல்லாம் சேர்ந்த கஷாயத்தையும் பாலையும் நல்லெண்ணெயில் விட்டுக் காய்ச்சுகிறார்கள். பிள்ளை பெற்றவளின் இடுப்பு வலி, முதுகுப் பிடிப்பு, கால் அசதிக்கு இதைத் தேய்ப்பது பழைய வழக்கம். தேய்ப்பவர் கை பதமாக இருந்தால் அன்றைக்கே தூக்கம் நன்றாக வரும். இதில் சரக்குக்கு எவ்வளவு பங்கு, கைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கைக்குத்தான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. குழம்பு என்பது நல்லெண்ணெயோடு விளக்கெண்ணெயும் நெய்யும் சேர்ந்தது. கெட்டியாக இருக்கும், உடம்பிலிருந்து லேசில் போகாது. மார்கழி, தை மாதப் பிரசவத்துக்குச் சரி. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் குழம்பைப் பூசினால் வேர்க்குரு நிச்சயம். அப்போது தைலம் போதும்.

செட்டில் உள்ள அளவுதான் குறை. 200 மில்லி பாட்டில் இரண்டு வைத்து '40 நாளுக்கு' என்று எழுதியிருக்கும். ஒரு முறை உடம்பு முழுக்கத் தேய்க்க 60 மில்லி வேண்டும். ஆக 400 மில்லி ஏழாவது நாளே தீர்ந்துபோகும். 14 முறை தேய்க்க 450 மில்லி பாட்டில் இரண்டு தனியாக வாங்கிக்கொள்வது செட்டை விடச் சிக்கனம். லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி, சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். அடிப்படை எண்ணெய் திலதைலம், அதாவது நல்லெண்ணெய், என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'ஹெர்பல் மசாஜ் ஆயில்' என்று மட்டும் எழுதிச் சேர்மானத்தில் லிக்விட் பாரஃபின் போட்டிருந்தால் அது மருந்துத் தைலம் இல்லை.

அரிஷ்டங்களுக்கு நாங்கள் கொடுப்பது அரை மதிப்பெண். தசமூலாரிஷ்டம் வில்வம், முன்னை, பாதிரி, பெருவாகை, குமிழ், மூவிலை, ஓரிலை, கண்டங்கத்திரி, முள்ளி, நெருஞ்சில் ஆகிய பத்து வேர்களின் கஷாயத்தை வெல்லம் முதலியவை சேர்த்து நொதிக்க வைத்தது. நொதித்ததால் ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். லேபிளிலேயே அதைப் போட்டிருப்பார்கள். பசி எடுக்கும், வயிறு லேசாகும் என்பார்கள். ஆனால் பால் கொடுக்கிறவள் 30 மில்லி வீதம் இரண்டு வேளை குடிக்கத் தேவையில்லை. வைத்தியர் சொல்லியே குடிக்கிறவர்கள் 15 மில்லியை அதே அளவு வெந்நீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின், குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த கையோடு குடிக்கட்டும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் தொடவே வேண்டாம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கும் இந்த வெல்லச்சாறு ஆகாது. ஜீரகாரிஷ்டத்துக்குப் பதில் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். கஷாயமும் குளிகையும் நாடி பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியவை. செட்டில் இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது ஆயுர்வேதமும் இல்லை, சித்தமும் இல்லை.

லேகியத்தைப் பொறுத்தவரை கடை டப்பாவை விட நாட்டு மருந்துப் பொட்டலத்தை வாங்கி வீட்டில் கிளறுவதே மேல். டப்பா லேகியத்தில் சர்க்கரைப் பாகு முந்திக்கொள்கிறது, சரக்கு பின்னால் நிற்கிறது. பொட்டலத்தில் குறை வேறு விதம். பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள். பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சுக்கை உடைத்தால் உள்ளே ஓட்டையும் மாவும் இருந்தால் வண்டு அரித்தது. மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதும் மிதக்கும் (பொக்கு மிளகும் மிதக்கும், அதுவும் வேண்டாதது). சதகுப்பை, ஓமம் இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்தால் மூக்கில் ஏற வேண்டும். அரிசித்திப்பிலி வேறு, கண்டந்திப்பிலி வேறு. முன்னது காய், பின்னது கணுக்கணுவான வேர்த்தண்டு. ஒன்று இல்லையென்றால் மற்றதை இரட்டிப்பாகப் போட்டுத் தரும் கடைக்காரர்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஒருவருக்கு 40 நாள் அளவு இது: சுக்கு 50 கிராம், சீரகம் 50, ஓமம் 25, தனியா 25, மிளகு 20, அரிசித்திப்பிலி 15, கண்டந்திப்பிலி 15, சித்தரத்தை 15, சதகுப்பை 15, அதிமதுரம் 10, கசகசா 10. மொத்தம் 250 கிராம். பனைவெல்லம் அரை கிலோ, நல்லெண்ணெய் 100 மில்லி, நெய் 150 கிராம். சுக்குக்குப் புறநஞ்சு என்பது பழைய வாக்கு. மேல்தோலைச் சுரண்டிவிட்டு நசுக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வாசனை வரும் வரைக்கும் மட்டும், இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சுக்கு சூடேறுவதற்குள் கசகசாவும் சீரகமும் கருகும். கருகிய லேகியம் நெஞ்சைக் கரிக்கும். ஆறவைத்து அரைத்துத் துணியில் சலியுங்கள். வெல்லத்தைக் கரைத்து மண்ணை வடிகட்டி, ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் அடுப்பைக் குறைத்து, ஒரு கை கிளற மறு கை பொடியைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், பிறகு எதைச் செய்தாலும் உடையாது. நல்லெண்ணெய் முதலில், நெய் கடைசியில். உருண்டு கரண்டியில் ஒட்டாமல் நெய் பிரிந்து வரும்போது இறக்கலாம். பாகு முற்றினால் மறுநாளே கல்லாகிவிடும். வெந்நீர் தெளித்துக் கிளறிச் சரிசெய்யலாம், ஆனால் அப்படிச் செய்தது பத்து நாளுக்கு மேல் தாங்காது. பாகு இளகலாக இருந்தால் ஒரு வாரத்தில் பூசணம். ஈரக் கரண்டி போட்டாலும் அதே கதி.

முதல் மூன்று நாள் சுண்டைக்காய் அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு, காலை மாலை. வயிறு எரிந்தாலோ தாய்க்குக் கழிச்சல் கண்டாலோ பாதியாகக் குறையுங்கள். பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் ஏறியிருந்தவர்களுக்கு அதிமதுரத்தை எடுத்துவிட்டே கிளற வேண்டும். அது அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை உள்ளவர்கள் லேகியத்தை விட்டுவிட்டு, அந்தப் பொடியில் அரை டீஸ்பூனைச் சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிடலாம். தமிழக அரசின் அம்மா மகப்பேறு சஞ்சீவி என்ற சித்த மருந்துப் பெட்டகத்திலும் சௌபாக்கிய சுண்டி லேகியம் இடம்பெற்றது. அதிலும் தலைச்சரக்கு சுக்குத்தான். அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருந்தால் அங்கே கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இனி தேய்த்துவிடும் சேவை. வேலூரில் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான், ஆளைப் பொறுத்து. பேசும்போதே கேட்க வேண்டியவை சில. சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று அவரே முதலில் கேட்கிறாரா? கேட்காதவர் வேண்டாம். சுகப்பிரசவம் என்றால் நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து தொடங்கலாம். ஆபரேஷன் என்றால் தையல் ஆறி, சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ எதில் பிரசவம் ஆனதோ அங்கே காட்டி, சரி என்று சொன்ன பிறகு. அதுவும் ஒருக்களித்துப் படுத்தோ உட்கார்ந்தோ, முதுகு, கை, கால் மட்டும். ஆறு வாரம் வரை வயிற்றில் கை வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை அமுக்கித் தேய்த்தால் உயிருக்கே ஆபத்து. நேராக ஆஸ்பத்திரி.

தைலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். நேரே அடுப்பில் வைக்கிறவர் அவசரக்காரர். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால் என்று இறங்கி, நீண்ட தசையில் நீளவாக்கிலும் மூட்டில் வட்டமாகவும், 30 முதல் 40 நிமிடம். அதன்பின் கால் மணி நேரம் ஊறட்டும். நொச்சி, புளிய இலை, ஆமணக்கு இலை போட்டுக் கொதித்த தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். சொம்பால் வெந்நீரை அடிவயிற்றில் ஓங்கி அடித்தால் கர்ப்பப்பை சுருங்கும் என்று சிலர் அடிப்பார்கள். சுருங்காது, தோல்தான் வெந்துபோகும். கர்ப்பப்பை பால் கொடுக்கக் கொடுக்கத் தானே சுருங்கும். எண்ணெய் போகப் பச்சைப்பயறு மாவு போதும். மார்பைக் கழுவிவிட்டே குழந்தையை எடுக்க வேண்டும்.

இந்தச் சேவையில் அதிகம் நடக்கும் விபத்து மருந்தால் இல்லை, குளியலறைத் தரையால். எண்ணெய்க் காலோடு, ரத்தம் குறைந்த உடம்போடு, வெந்நீர் ஊற்றி எழுந்து நின்றால் தலை சுற்றும். ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள், கூட இன்னொருவர் நிற்கட்டும்.

வயிற்றில் துணி கட்டுவது சரக சம்ஹிதையிலேயே உள்ளது. பருத்தித் துணியில், உள்ளங்கை உள்ளே நுழையும் தளர்வில், இரண்டு மணி நேரம் கட்டி அவிழ்த்தால் நடக்கும்போது தாங்கலாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கும். தும்மினால் சிறுநீர் கசிவது இன்னும் மோசமாகும். குழந்தையையும் தேய்க்க வருகிறவரே குளிப்பாட்டுகிறார் என்றால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, சாம்பிராணிப் புகையை முகத்தில் காட்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

கடைசியாகப் பத்தியச் சீட்டு. நாங்கள் பார்த்தவற்றில் மோசமான பகுதி இதுதான். 'ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்', 'கீரை, பழம், பருப்பு கூடாது' என்கிறது. பால் கொடுக்கிறவள் உடம்பிலிருந்து நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவு பாலாகவே போகிறது. வேலூரின் சித்திரை வெயிலில் மூன்று டம்ளர் என்றால் மலச்சிக்கல், மூலம், நீர்க்கடுப்பு என்று வரிசையாக வரும். பழைய நூல்கள் சொல்வது திப்பிலி முதலியவை சேர்ந்த கஞ்சி, பசியறிந்த உணவு, வெதுவெதுப்பான நீர். தாகத்தை அடக்கச் சொல்லவில்லை. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கவே வேண்டாம். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கஞ்சி, கொள்ளு ரசம், நாட்டுக்கோழி, கிடைத்தால் பால்சுறாப் புட்டு எல்லாம் போடலாம். கத்திரிக்காய் கரப்பான் (தோலில் அரிப்பு வரும்) என்று 40 நாள் தள்ளிவைப்பதால் ஒன்றும் நட்டமில்லை, புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் முள்ளுக் கத்திரிக்காய் காத்திருக்கும்.

சீட்டில் இன்னொரு வரி, 'இங்கிலீஷ் மாத்திரையோடு சேராது'. இதைப் படித்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் அதைச் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையும் ஆறு மாதம். கஷாயம், டீ, பாலுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும். இரும்பும் கால்சியமும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோடு தீட்டில் நாற்றம் வந்தாலோ, கண் மங்கித் தலை பிளப்பதுபோல் வலித்தாலோ தைலமும் லேகியமும் அலமாரியிலேயே இருக்கட்டும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாங்கும் கணக்கு இவ்வளவே: தைலம் 450 மில்லி இரண்டு, நாட்டு மருந்துப் பொட்டலம் ஒன்று, தேய்க்கிறவர் 14 நாளுக்கு. 21 நாள், 28 நாள் என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் கையைப் பார்த்துவிட்டு நீட்டிக்கொள்ளலாம்.