தேன்சிட்டுக்கும் முசுறுக்கும் ஒரே லென்ஸ்: ரேநாக்ஸ் டிசிஆர்-250

ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்பது, நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ஜூம் லென்சின் முகப்பில் கவ்விக்கொள்ளும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு துணை லென்ஸ். ஜப்பானியத் தயாரிப்பான இதில் இரண்டு தொகுதிகளாக மூன்று கண்ணாடிகள் உள்ளன. இதன் திறன் 8 டயாப்டர் (லென்சின் குவிக்கும் திறனை அளக்கும் அலகு). தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடித் தோட்டத்திலும், விடுமுறையில் போய்வரும் நெடும் ரயில் பயணங்களிலும், கேனான் 55-250 மில்லிமீட்டர் எஸ்டிஎம் ஜூம் லென்சோடு சேர்த்து இதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். நொடியில் மாட்டி நொடியில் கழற்ற முடிகிறதே, அதற்காகத்தான் இதை முதலில் பாராட்டுவேன். பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் திறனைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

மாடித் தோட்டத்தில் படம் எடுப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். செம்பருத்தியில் ஊதாத் தேன்சிட்டு வந்து அமர்கிற அதே நேரத்தில், இரண்டடி தள்ளி எலுமிச்சைத் தொட்டியின் இலையடியில் ஒரு தத்துச் சிலந்தி இரையோடு நிற்கும். சிறியவற்றை நெருங்கி எடுப்பதற்கான தனி மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர் கேமராவிலிருந்து ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்துவதற்குள் சிட்டும் பறந்துவிடும், சிலந்தியும் மறைந்துவிடும். தவிரவும், பிற்பகலில் கடற்காற்று எழுந்து, துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும் உப்பு ஈரமும் கலந்து வீசும் எங்கள் பகுதியில், வெட்டவெளியில் நின்று சென்சாரைத் திறந்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ரேநாக்சில் அந்தச் சிக்கலே எழாது. பக்கவாட்டில் உள்ள இரண்டு பிடிகளை விரல்களால் அழுத்தி, ஃபில்டர் மாட்டும் மரையில் வைத்துப் பிடியை விட்டால் போதும்.

கணக்கும் எளிது. 8 டயாப்டர் என்றால் குவியத் தூரம் 125 மில்லிமீட்டர். முதன்மை லென்சை முடிவிலியில் ஃபோகஸ் செய்து வைத்தால், அதன் குவியத் தூரத்தை 125ஆல் வகுக்கக் கிடைப்பதே உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவைப்போல எத்தனை மடங்கு என்பது: 250இல் இரண்டு மடங்கு, 100இல் 0.8 மடங்கு. துணை லென்ஸ் இல்லாமல் இந்த 55-250 எட்டக்கூடிய உச்சம் 0.29 மடங்குதான். கேனான் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர் என்பதால், இரண்டு மடங்கில் வெறும் 11 மில்லிமீட்டர் அகலப் பரப்பு படம் முழுவதையும் நிறைத்துவிடும். நடுத்தர எறும்பு ஒன்று பாதிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். கேமராவுக்கும் லென்சுக்கும் இடையில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வெளிச்சத்தைக் குறைக்கும், இது குறைப்பதில்லை. ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவான க்ளோசப் ஃபில்டர்களில் ஓரங்களில் தெரியும் நிறக்கசிவும் இதில் மிகக் குறைவு. ஜூமை 100க்குக் கீழே கொண்டுவந்தால் படத்தின் மூலைகள் கறுத்துவிடுகின்றன, அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை ஒன்று எங்கள் மாடிச் சுவரின்மேல் சாய்ந்திருக்கிறது. அதில் முசுறு எறும்புகள் இலைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூடு கட்டியிருக்கின்றன. அவற்றின் வரிசையிலிருந்து சற்று விலகித் தயங்கித் தயங்கி நடந்த ஒன்று வெறும் கண்ணுக்கு முசுறாகவே தெரிந்தது: அதே செம்பழுப்பு நிறம், அதே ஒடுங்கிய இடை. ரேநாக்சை மாட்டிப் பார்த்தபோது கால்கள் எட்டு இருந்தன. முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருந்த அதன் தலையில், எறும்பின் கண்களைப் போலத் தோன்றும் கரும்புள்ளிகள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்க, உண்மையான பெரிய கண்கள் இரண்டும் முன்புறத்திலிருந்து கேமராவை நேராகப் பார்த்தன. அது எறும்பு வேடமிடும் தத்துச் சிலந்தி. மிர்மாபிளாட்டா பேரினத்தைச் சேர்ந்தது. கடுமையாகக் கடிக்கும் முசுறைப் பூச்சிதின்னிகள் பலவும் தவிர்ப்பதால், இந்த வேடம் அதற்குக் காப்பாகிறது. ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னோக்கி நீண்டு, ஓர் எறும்பு இன்னொன்றைச் சுமந்து செல்வதைப் போலத் தோற்றம் தரும். அந்தக் கிளையின் கீழேதான் எங்கள் வீட்டில் தினமும் துணி உலர்த்துகிறோம்.

கீழ்வீட்டு அக்கா ஒருநாள், “தம்பி, எலுமிச்சை பூரா புழு வந்துடுச்சு, மருந்து அடிச்சிடவா?” என்று கேட்டார். அவை எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இளம் பருவத்தில் பறவை எச்சத்தைப் போலக் கிடந்து, வளர்ந்ததும் இலைப்பச்சை நிறத்துக்கு மாறும் அந்தப் புழு, தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டிக் காரமான வாடையை வெளியிடும். அந்தக் கொம்பின் ஈர மினுமினுப்புவரை தெரிந்த படத்தைக் கேமராத் திரையில் பார்த்தவர், “இன்னா தம்பி இது, கொம்பு வெச்சிருக்குது!” என்று பேத்தியையும் அழைத்துக் காட்டினார். மருந்து இன்றுவரை அடிக்கப்படவில்லை.

பயன்படுத்தும் முறையைப் பழகப் பொறுமை வேண்டும். இரண்டு மடங்கில், லென்சின் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் துல்லியமாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காற்றில் இலை அசைந்தால் எல்லாமே போய்விடும். ஆட்டோ ஃபோகசை அணைத்துவிட்டு, உடலோடு கேமராவைச் சேர்த்து முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் ஷட்டரை அழுத்துவதே எனக்கு ஒத்துவரும் வழி. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையே உகந்த வேளை. ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. ஆனால் கேமராவில் உள்ள சிறு ஃபிளாசை அப்படியே போட்டால், நீண்டு நிற்கும் லென்சின் நிழல் பூச்சியின் மேலேயே விழும். வெள்ளை ஃபோம் தாளை வளைத்து லென்சின் முனைவரை நீட்டிக் கட்டிக்கொண்டால் வெளிச்சம் மென்மையாகப் பரவும். சிலந்திக் கண்ணில் விழும் வெள்ளைப் புள்ளியும் கூசாது.

நெடும் பயணத்தில்தான் இதன் முழுப் பயனையும் உணர்ந்தேன். இரண்டு இரவுகள் ரயிலில் கழித்துக் கவுகாத்தி சேர்ந்து, அங்கிருந்து காசிரங்கா போகிறவர், மூட்டையில் எதைக் குறைக்கலாம் என்றுதான் கணக்குப் போடுவார். ஜீப்பிலிருந்து ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தை எடுக்க 250 போதுமானதாக இருந்தது. மறுநாள் விடியலில், தங்கியிருந்த விடுதியின் சுவரில், இரவெல்லாம் எரிந்த விளக்கின் அடியில், வெளிர்பச்சை நிற நிலா அந்துப்பூச்சி ஒன்று நீண்ட வால்களோடு விரிந்து கிடந்தது. முதலில் ரேநாக்ஸ் இல்லாமல், பின்னால் நகர்ந்து முழு உருவத்தையும் எடுத்தேன். பிறகு அதை மாட்டிக்கொண்டு நெருங்கினால், இறகிலுள்ள கண்புள்ளியின் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வளர்ந்த நிலா அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை என்பதற்கு ஏற்ப, முகத்தில் உறிஞ்சுகுழல் இருக்க வேண்டிய இடம் வெறும் மயிராக இருந்தது. காண்டாமிருகத்தையும் அந்தச் செதிலையும் எடுத்தது ஒரே லென்ஸ்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதை மாட்டிய பிறகு பூச்சிக்கும் லென்சுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஜூமை மாற்றினாலும் அந்த இடைவெளி மாறாது. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் நண்டுகள், நம் நிழல் அசைந்தாலே வளைக்குள் ஓடிவிடும்; அவற்றைத் துணை லென்சைக் கழற்றிவிட்டுத் தள்ளியிருந்தே எடுக்க வேண்டும். பாம்பின் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. பழவேற்காட்டில் வெகுதூரத்தில் நிற்கும் பூநாரைகளுக்கு 250 போதாது, அது முதன்மை லென்சின் எல்லை. எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளே உங்கள் விருப்பம் என்றால், இதே நிறுவனத்தின் 4.8 டயாப்டர் டிசிஆர்-150 பொருத்தமானது, 250இல் 1.2 மடங்குதான் கிடைக்கும், ஆனால் 20 சென்டிமீட்டர் அளவுக்கு விலகி நிற்கலாம்.

கடலோர ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை படிவது எங்கள் ஊரில் எந்த லென்சுக்கும் உள்ள அபாயம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அதன் நீலம் வெளிறி இளஞ்சிவப்பானதும் உலர்த்தியோ மாற்றியோ வைப்பது அவசியம். படம் எடுத்து முடித்ததும் இதைக் கழற்றிவிட வேண்டும், கவ்விதான் பிடித்திருக்கிறதே தவிரத் திருகிப் பூட்டவில்லை.

52 முதல் 67 மில்லிமீட்டர்வரை முகப்புள்ள லென்சுகளுக்கு இந்தக் கவ்வி பொருந்தும். 67 மில்லிமீட்டர் முகப்புள்ள நிக்கான் பி950 போன்ற பெரிய ஜூம் கேமராக்களிலும் மாட்டலாம். 72 மில்லிமீட்டருக்குச் சேராது. கடைக்குப் போகுமுன் உங்கள் லென்ஸ் மூடியின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.