ஃபி ஃபி, பாங் நா, சிமிலன், ஜாலி பாய்: நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஏற்ற ஒருநாள் தீவுப் பயணம் எது?

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பகுதிகளில் இருப்பவர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு விமான நிலையமே அருகில் இருக்கிறது. அங்கிருந்து தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் அந்தமானுக்கும் நேரடி விமானங்கள் இருப்பதால், கடலே இல்லாத நம் மாவட்டங்களிலிருந்து தீவுகளைப் பார்க்கப் புறப்படும் குடும்பங்களை இப்போது அடிக்கடி காண்கிறோம். பயண முகவர் தரும் திட்டத்தில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு எதிரே ‘ஸ்பீட் போட்டில் தீவுச் சுற்றுலா’ என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த ஒரு வரி ஃபி ஃபி தீவுகளையும் குறிக்கலாம், பாங் நா விரிகுடாவையும் குறிக்கலாம், தொலைவில் உள்ள சிமிலன் தீவுகளையும் குறிக்கலாம். அந்தமான் திட்டமாக இருந்தால் ராஸ் தீவு, நார்த் பே, ஜாலி பாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கும். இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. நம்மவர்களில் பலருக்கு நீர்மேல் சென்ற அனுபவம் ஒகேனக்கல் பரிசலோடு முடிந்துவிடுவதால், தீவின் படத்தை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். ஒருநாள் பயணத்தில் தீவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, படகுத்துறைக்கும் தீவுக்கும் இடையில் கிடக்கும் கடலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த அடிப்படையிலேயே அமைந்தது.

முதலில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பீட் போட் என்பது பின்புறத்தில் இரண்டு அல்லது மூன்று இன்ஜின்கள் பொருத்திய ஃபைபர் படகு. வேகம் பிடித்ததும் அதன் முன்பகுதி நீரைவிட்டு எழும்ப, அடிப்பாகத்தின் பின்பாதி மட்டும் நீரைத் தொட்டுக்கொண்டு சறுக்கிச் செல்லும். கடல் அமைதியாக இருக்கும்போது இது மிக இனிமையான பயணம். அலை எழும்போது, ஒவ்வோர் அலையின் முகட்டிலிருந்தும் படகு கீழே விழுந்து மோதும். அந்த மோதலின் முழு வேகமும் முன்வரிசையில் இருப்பவர்களின் முதுகுத்தண்டில் இறங்கும். முன்வரிசைப் பயணிகளுக்கு முதுகெலும்பு முறிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. புக்கெட்டில் ஸ்பீட் போட் நடத்துபவர்கள் பலர் கர்ப்பிணிகளையும் முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஏற்ற மறுப்பதற்கு இதுவே காரணம். காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் முன்பக்கம் ஓடுவார்கள். பெரியவர்கள் நடுவுக்குப் பின்னால் உட்காருவதே நல்லது. அங்கே இன்ஜின் சத்தமும் சற்றுப் புகையும் இருக்கும் என்றாலும் குலுக்கல் மிகக் குறைவு.

ஃபி ஃபி தீவுகள் புக்கெட்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ளன. ஸ்பீட் போட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். படங்களில் எல்லோரும் பார்க்கும், செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த மாயா விரிகுடா இங்கேதான், ஃபி ஃபி லே என்ற ஆளில்லாத தீவில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் இறங்கியதாலும் படகுகளின் நங்கூரங்களாலும் பவளப்பாறைகள் சிதைந்ததால், 2018 ஜூனில் தாய்லாந்து அரசு இந்த விரிகுடாவை மூடியது; 2022 ஜனவரி 1 அன்றுதான் மீண்டும் திறந்தது. இப்போது விரிகுடாவுக்குள் எந்தப் படகும் நுழைய முடியாது. தீவின் பின்புறமுள்ள லோ சாமா துறையில் இறங்கி, மரப்பாதை வழியாக நடந்து கடற்கரையை அடைய வேண்டும். நீரில் நீந்துவதற்குக் கட்டுப்பாடு உண்டு. முழங்கால் அளவுக்கு இறங்கி நிற்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆண்டுதோறும் மூடிவிடுகிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகளால் ஏமாற்றமடைந்து திரும்புபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவை முற்றிலும் நியாயமாகவே படுகின்றன. மூடிக் கிடந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகள் கரையோர நீருக்குத் திரும்பி வந்தன என்பதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் மாயா விரிகுடாவில் குளிக்கலாம் என்று முகவர் சொன்னால், அவருக்கு இடத்தைப் பற்றித் தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம். குளிப்பதற்கும், மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங் செய்வதற்கும் அதே தீவின் பிலே குடாவிலும் அருகிலுள்ள வேறு இடங்களிலும் படகை நிறுத்துவார்கள்.

ஃபி ஃபிக்கு ஸ்பீட் போட் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். புக்கெட்டின் ராசாடா துறையிலிருந்து பெரிய ஃபெர்ரிகளும் செல்கின்றன. அவை இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டாலும், கழிப்பறையும் நிழலும் எழுந்து நடக்க இடமும் உண்டு. அலையில் மெல்ல ஆடுமே தவிர மோதாது. குறை என்னவென்றால், பெரிய தீவான ஃபி ஃபி டோனின் துறையில்தான் அவற்றை நிறுத்த முடியும். மாயா விரிகுடாவுக்குச் சிறிய படகு ஒன்றில் மாறிச் செல்ல வேண்டும். நேரம் குறைந்தாலும் பரவாயில்லை, உடல் நோகக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஃபெர்ரி மேலானது.

பாங் நா விரிகுடாவின் இயல்பே வேறு. புக்கெட் தீவுக்கும் தாய்லாந்தின் பெருநிலத்துக்கும் இடையில் அமைந்திருப்பதால், மேற்கிலிருந்து வரும் அலையைப் புக்கெட் தீவே தடுத்துவிடுகிறது. ஃபி ஃபி இதே விரிகுடாவின் தெற்கு வாயிலில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. வரைபடத்தை ஒருமுறை பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும்; நம் பகுதிப் பயணிகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை என்று நினைக்கிறேன். 1981-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த விரிகுடாவில் சுண்ணாம்புக் குன்றுகள் நீருக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. அடி குறுகித் தலை பருத்து, சுமார் 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோ தாப்பு என்ற பாறையைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு: கடலுக்குள் கால்கள் நட்டு எழுப்பிய கோ பான்யீ என்ற முஸ்லிம் மீனவர் கிராமம், குன்றின் அடிக்குகை வழியாகச் சிறு துடுப்புப் படகில் நுழைந்து, மேலே திறந்த வானமும் சுற்றிலும் அலையாத்தி மரங்களுமாக இருக்கும் நடுக்குளத்தைக் காண்பது. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியிருந்தால் குகைவாய் நீரில் மறைந்துவிடும்; எந்த நேரத்தில் நுழையலாம் என்பதைப் படகோட்டிகள் அன்றைய ஓதத்தைப் பார்த்தே சொல்வார்கள். துடுப்பை அவர்களே போடுவதால் நாம் உட்கார்ந்திருந்தால் போதும்.

இங்கே நீர் தெளிவாக இருக்காது. அலையாத்திக் காடுகளிலிருந்து வரும் வண்டல் கலந்து பச்சையாக இருக்கும். மீன்களையும் பவளத்தையும் பார்க்க விரும்புபவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல. ஆனால் எழுபதை நெருங்கும், முழங்கால் வலியுள்ள என் அத்தை முகம் சுளிக்காமல் ஒரு முழுநாளைக் கடலில் கழித்தது பாங் நாவில்தான். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்குத் தயக்கமின்றி இதையே சொல்வேன்.

சிமிலன் இதற்கு நேர் எதிர். 1982-இல் தேசியப் பூங்காவான இந்தத் தீவுக்கூட்டம் கரையிலிருந்து 60 கி.மீ.க்கும் அப்பால், திறந்த கடலில் இருக்கிறது. புக்கெட்டிலிருந்து முதலில் வேனில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து தாப் லாமு துறைக்குப் போக வேண்டும். பிறகு ஸ்பீட் போட்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். விடியுமுன் விடுதியை விட்டுக் கிளம்பினால் திரும்ப மாலை கடந்துவிடும். இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது, இந்த ஒப்பீட்டிலேயே மிகத் தெளிவான நீரும் மாவு போன்ற வெண்மணலும். ஃபி ஃபியிலும் பாங் நாவிலும் சுண்ணாம்புப் பாறை என்றால், இங்கே உருண்டு திரண்ட கருங்கல் பாறைகள். எட்டாம் எண் தீவின் உச்சியில் பாய்மரம்போல் நிற்கும் பாறையின் அடியில் நின்றால், கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மொட்டைக் கருங்கல் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்தக் கல் அந்நியமாகத் தோன்றாது. 2018 முதல் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. இரவு தங்க அனுமதியில்லை. அக்டோபர் 15 முதல் மே 15 வரை மட்டுமே திறந்திருக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்களும், மீன்களைக் காண வேண்டும் என்ற உண்மையான ஆசை உள்ளவர்களும் போகலாம். குடும்பத்தில் ஒருவருக்காவது பேருந்துப் பயணத்திலேயே வாந்தி வரும் என்றால் சிமிலனைத் தவிர்த்துவிட வேண்டும்.

இனி அந்தமான். புக்கெட் அந்தமான் கடலின் கிழக்குக் கரை என்றால், 2024-இல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் அதே கடலின் மேற்குக் கரை. பாஸ்போர்ட் வேண்டாம், செலவு ரூபாயில், கடையிலும் ஆட்டோவிலும் தமிழ் பேசிச் சமாளிக்க முடிகிற ஊர். அபர்தீன் துறையிலிருந்து ராஸ் தீவுக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக இருந்த அந்தத் தீவில், இடிந்த சுவர்களை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் காட்சியும் திரியும் மான்களும் உண்டு. நார்த் பே நீர் விளையாட்டுகளுக்கான இடம்; கூட்டம் அதிகம்; எனக்கு அது இரண்டாம் பட்சமே.

ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து சாலை வழியாக வண்டூர் போய், அங்கிருந்து படகில் செல்லும் ஜாலி பாய் தீவைத்தான் புக்கெட் பயணங்களுக்கு ஈடாக வைக்க முடியும். 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை, பிளாஸ்டிக் பொருள் எதையும் கொண்டுபோக முடியாது. படகு ஸ்பீட் போட் அல்ல. காடடர்ந்த தீவுகளுக்கு நடுவே நிதானமாகச் செல்லும் சாதாரண இயந்திரப் படகு. சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அங்கே கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம் என்பதால், நீரில் இறங்கவே அஞ்சும் நம்மூர்ப் பெரியவர்களுக்கும் கடலின் அடி தெரியும். மழைக்காலத்தில் ஜாலி பாயை மூடிவிட்டு, கரைக்கு அருகில் உள்ள ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். 2010-இல் கடல் வெப்பம் உயர்ந்து அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதனால் பழைய படங்களில் உள்ள நிறங்களை எதிர்பார்க்க வேண்டாம். அப்படியிருந்தும் முதன்முதலாகக் கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு, இந்த நான்கில் ஜாலி பாய்தான் என் முதல் பரிந்துரை. வேகம்தான் வேண்டும் என்போர் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் தங்கி, அங்கிருந்து எலிஃபண்ட் கடற்கரைக்கு ஸ்பீட் போட்டில் போய்வரலாம். அது குறுகிய தூரம்.

எல்லாவற்றையும்விட நம் கையில் இல்லாதது காலம். மே மாதத்தின் பிற்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அக்டோபர் வரை இந்தக் கடலைக் கலக்கிவிடும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வருகிறது. அப்போது மாயா விரிகுடா, சிமிலன் இரண்டும் மூடியிருக்கும், கடலும் கொந்தளிக்கும். அந்த விடுமுறையில் போவதாக இருந்தால் பாங் நா மட்டுமே பொருந்தும், அதுவும் மழைக்கு உட்பட்டே. கோடை விடுமுறை என்றால் மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது அறுவடைக் காலம், வீட்டை விட்டு அசைய முடியாது. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும்தான் கடலும் நம் வேலையும் ஒத்துப்போகும் நாள்கள். டிசம்பர் இறுதியில் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் என்பதால், பொங்கலை ஒட்டிச் செல்வதையே விரும்புவேன்.

செலவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு: பெரியவர் ஒருவருக்கு ஃபி ஃபியில் 400 பாட், சிமிலனில் 500, பாங் நாவில் 300, சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. முகவர் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மதிய உணவில் சோறும் பழமும் தாராளமாகக் கிடைத்தாலும், காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு சேர்ப்பது அங்கே வழக்கம். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். பவளத்துக்குக் கேடு செய்யும் வேதிப்பொருள்கள் கொண்ட சன்ஸ்கிரீனை 2021 முதல் அந்நாட்டுக் கடல் பூங்காக்களில் தடை செய்திருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு கரைகளிலும் கசப்பான வரலாறு உண்டு. 2014 ஜனவரி 26 அன்று ஸ்ரீவிஜயபுரம் அருகே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே பருவக்காற்றுப் புயலில் ஒரு பெரிய படகு மூழ்கி 47 பேர் இறந்தனர். முதலாவதற்குக் காரணம் ஆள் எண்ணிக்கை, இரண்டாவதற்குக் காரணம் எச்சரிக்கையை மீறிப் புறப்பட்டது. ஆகவே படகில் ஏறும்போது, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையையும் ஏறியிருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தையின் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை விதிக்கிறது. நாமும் அதை மறுபேச்சின்றி ஏற்கிறோம். கடலில் படகை நிறுத்தும்போதும் அதே மனநிலை வேண்டும். அதற்கு வசதியாக, தீவுப் பயணத்தை ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்காமல், சென்று சேர்ந்த மறுநாளே வைத்துக்கொண்டால், காற்றால் ஒருநாள் தள்ளிப்போனாலும் வேறொரு நாள் கையில் இருக்கும்.