தென்கடல் காற்றில் ஒரு சோலார் ஹீட்டர்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ஊரான எங்கள் மண்டபத்தில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் சோலார் ஹீட்டர் விற்க வருகிறவர்கள் வெயிலைப் பற்றியேதான் பேசுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரையும் காற்றையும். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கச்சான் என்கிற தென்மேற்குக் கடல்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பிகூடத் துருப்பிடித்துவிடும்.

எங்கள் மாடியில் இருப்பது 200 லிட்டர், கண்ணாடி டியூப் வகை. தகடு வகையும் நல்லதுதான். ஆனால் அதன் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்பு படிந்துவிட்டால் அடைப்பெடுப்பது பெரும்பாடு. டியூப்பைக் கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம். டாங்கின் உள்பக்கம் எனாமல் பூச்சு, கூடவே ஒரு மெக்னீசியம் கம்பி. டாங்கின் இரும்புக்குப் பதிலாக அந்தக் கம்பிதான் அரித்துக் கரையும். தேய்ந்ததும் மாற்ற வேண்டும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. பிளம்பர்தான், "டீச்சர், இதைக் கவனிக்காம விட்டா டாங்க் போயிரும்" என்றார்.

சூடு நன்றாக நிற்கிறது. மாலையில் 60 டிகிரி இருந்தால் விடியற்காலை அத்தை குளிக்கும்போது 54 இருக்கும்; பச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்ற முடியாது. 200 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் கரண்ட் வேண்டும். அதை வெயில் சும்மா தருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல். வெந்நீர் தேடும் நேரத்தில் வானம் மூடிக்கொள்ளும். உள்ளே கரண்டில் சூடேற்றும் 2 கிலோவாட் காயில் இருக்கிறது. முழு டாங்கையும் சூடாக்குவதானால் ஒரு மணி நேரத்துக்கு எட்டு டிகிரி சொச்சம்தான் ஏறும். ஆனால் எங்களுடையதில் காயில் டாங்கின் நடு உயரத்தில் இருப்பதால் மேல்பாதித் தண்ணீர் மட்டும் சூடாகி, கீழே குளிர்ந்தது அப்படியே கிடக்கும். அவசரக் குளியலுக்கு அது போதும். வாங்கும்போது காயில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

குளியலறை டாங்குக்கு நேர் கீழே. அடுப்படிக்கு 15 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் ஓடுகிறது. சூடு வருவதற்குள் நான்கு லிட்டர் போய்விடும். அதை வாளியில் பிடித்து முருங்கைக்கு ஊற்றுகிறேன்.

ஸ்டாண்டு மட்டும் மட்டம். பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் போல்ட் போட்ட இடமெல்லாம் துரு. புதிதாக மாட்டுகிறவர்கள் துருப்பிடிக்காத போல்ட்டுகளை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம், டியூப் கழுவுகிற வேலையை விடியலிலேயே முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும் டியூப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும்.