கேஸ் கீசர்: பாத்ரூமுக்குள்ளா, வெளிச்சுவரிலா, இல்லை கரண்ட் கீசரே போதுமா?

ஊட்டியில் நாங்கள் குடிபோன வாடகை வீட்டில் பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தது. குளிர் வரக்கூடாது என்று யாரோ வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். முதல் வாரத்திலிருந்தே குளித்துவிட்டு வந்தால் என் மனைவிக்குத் தலைவலி, படபடப்பு. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம். ஒருநாள் காலை தாழ்ப்பாளைத் திறந்தவள் அப்படியே கால் மடங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தாழ்ப்பாளை எட்டும் அளவுக்குத் தெம்பு இருந்ததால் பிழைத்தாள்.

அதனால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: எரிய காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த புகை எங்கே போகிறது.

பாத்ரூமுக்குள் மாட்டுவதில் இரண்டுக்குமே பதில் ஒன்றுதான், நீங்கள் மூச்சு விடுகிற அதே அறை. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுக்கும் கீசர் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிக்கும், ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். கால் மணி நேரக் குளியலுக்கு 3 கன மீட்டர் ஆயிற்று. 5க்கு 6 அடி, 8 அடி உயரம் உள்ள பாத்ரூமில் மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்குள்தான். அது சமவெளிக் கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே அளவு காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காற்று பற்றாத தீ அரைகுறையாக எரியும், அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு. கேஸ் கசிந்தால் வாடை காட்டிக் கொடுக்கும், இதற்கு வாடையோ நிறமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளிக்கும்போது மயங்கி விழுந்து, வலிப்பு வந்து, காக்காய் வலிப்பு என்றே மருந்து சாப்பிட்டவர்கள்கூட இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று பிளம்பர்கள் சொல்வார்கள். காற்று உள்ளே வர வழி இல்லாமல் கதவு இறுக மூடியிருந்தால் ஃபேன் சுற்றும், வேலை நடக்காது. கீசருக்குப் புகைக்குழாய் இருந்தால் இன்னும் மோசம், மேலே போக வேண்டிய புகையையே ஃபேன் அறைக்குள் திருப்பி இழுத்துவிடலாம். கதவின் அடியில் கிரில் வைத்த திறப்பு, மேலே மூட முடியாத வெண்டிலேட்டர், இரண்டும் இருந்தால்கூட நான் உள்ளே வைக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் பனிக்காலம் வந்ததும் யாராவது ஒருவர் அதை அடைத்துவிடுவார்.

வெளிச்சுவர் விஷயம் வேறு. திறந்த பால்கனியிலோ பின்கட்டுச் சுவரிலோ கீசரையும் சிலிண்டரையும் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவருவது. அதே கீசர், அதே கேஸ், ஆனால் தீக்கு ஊர்க்காற்று முழுவதும் இருக்கிறது. தொல்லைகள் உண்டு. காற்று வேகமாக அடித்தால் தீ அணையும், மழைக்குத் தகரக் கூரை வேண்டும், முதல் அரை வாளி தண்ணீர் ஜில்லென்று வரும். குழாய் சாதா பிவிசி கூடாது, வெந்நீர் தாங்கும் சிபிவிசியாக இருக்கட்டும். கீசருக்கு நேர் மேலே படுக்கையறை ஜன்னல் இருக்கக்கூடாது. அப்புறம் முக்கியமாக, பால்கனிக்குப் பின்னாளில் கண்ணாடி அடைத்தால் அது இன்னொரு பாத்ரூம்தான்.

கரண்ட் கீசரில் இந்தப் பயமே இல்லை. அங்கே பயம் எர்த் கம்பியைப் பற்றியது, நல்ல எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் இருந்தால் தீர்ந்தது. கோவையிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஊட்டிக் குளிருக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் வகை எடுபடாது, 10 டிகிரித் தண்ணீரை 40 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. 25 லிட்டர் ஸ்டோரேஜ் வகை முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும், கரண்ட் போனால் காத்திருக்க வேண்டும். சோலார் வெயில் நாளுக்குச் சரி.

நான்காவதாக ஒன்று உண்டு, வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே புகையை விடும், தீ எரியும் பகுதி முழுவதும் மூடிய கீசர். வீட்டுக்குள் வைக்க ஏற்ற கேஸ் வகை அதுதான், ஆனால் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை, விலையும் அதிகம்.

நாங்கள் கீசரை வெளிச்சுவருக்கு மாற்றினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பர்னரைத் துடைக்கச் சொல்கிறோம், தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்திவிடுவோம். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால், கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து வாளிகளை நிரப்புங்கள், கீசரையும் சிலிண்டரையும் அணையுங்கள், கதவைத் திறந்தபடியே சிறிது நேரம் விட்டு, அதற்குப் பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும், பரவாயில்லை.