துகள் மாதிரி கிட்: வாயுவுக்கு ஒன்பது உருண்டை போதும்

தருமபுரியில் பள்ளி உபகரணக் கடையில் 850 ரூபாய்க்கு விற்கும் துகள் மாதிரி கிட் இது; திண்மம், திரவம், வாயுவில் துகள்கள் எப்படி இருக்கும் என்று உருண்டைகளால் காட்டுவது. ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. உள்ள அக்ரிலிக் பெட்டி, அடியில் அதிர்வு மோட்டார், 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டைகள் 200, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்ச், ஒரு விளக்கத்தாள். ஆறாம் வகுப்புப் பருப்பொருள் பாடத்துக்கு வாங்கலாம். விளக்கத்தாளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

திண்மத்துக்குப் பெட்டியை ஒரு மூலைப்பக்கம் சாய்த்து லேசாகத் தட்டினால் உருண்டைகள் வரிசை கட்டும், அழகாகவே இருக்கும். மோட்டாரை மெதுவாக ஓட்டினால் வரிசை கலைந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதுதான் திரவம். வாயுவில்தான் கோளாறு. 60 உருண்டை போடச் சொல்கிறது தாள். தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகும்போது கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்காகிறது, அதாவது துகளுக்குத் துகள் தூரம் சுமார் 12 மடங்கு (12 × 12 × 12 ஏறக்குறைய 1,700). 6 மி.மீ. உருண்டைக்கு அது 7 செ.மீ. அந்தக் கணக்கில் இந்தப் பெட்டி தாங்குவது எட்டு, ஒன்பதுதான்.

மோட்டாரை நிறுத்தியதும் எல்லாம் கீழே விழுந்துவிடும். 'அப்போ காத்தும் விழுமா சார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிளாஸ்டிக் ஒவ்வொரு மோதலிலும் சத்தமாகவும் வெப்பமாகவும் ஆற்றலை இழக்கிறது. காற்றுத் துகள்களின் இயக்கம் அப்படித் தேய்ந்து அடங்குவதில்லை. இதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பங்குனி வறட்சியில் உருண்டைகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அது உராய்வால் ஏறிய மின்னூட்டம், துகள் ஈர்ப்பு என்று காட்டிவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் போய்விடும். துகள்களுக்கு இடையே உள்ள உண்மையான ஈர்ப்பு விசையைக் காட்ட இந்தக் கிட்டில் எதுவுமே இல்லை. அதனால் தண்ணீர் ஏன் சொட்டாகத் திரள்கிறது, உருகும்போது வெப்பம் கொடுத்தும் வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை என்பதையெல்லாம் இதை வைத்து விளக்க வழியில்லை.

தாளில் உள்ள படமும் தவறு: திரவத்தில் துகள்களை நன்றாக விலக்கி வரைந்திருக்கிறார்கள். திரவத் துகள்களும் கிட்டத்தட்ட ஒட்டித்தான் இருக்கும். தண்ணீரோ உறைந்தால் 9 சதவீதம் விரியும். வெறும் உருண்டைகளால் இதைக் காட்ட முடியாது.

சிரிஞ்ச் மட்டும் குறையில்லாத பொருள். முனையை விரலால் அடைத்து அழுத்தினால் 20 மி.லி. காற்று 10 வரை போகும், சுமார் மூன்று கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. தண்ணீர் அசையாது. முன்னதாக முனையை மேலே பிடித்துக் குமிழியை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீரும் சுருங்குவதாகத் தோன்றும்.

மோட்டாரின் ஒயர் பற்றவைப்பு சீக்கிரம் விட்டுப்போகிறது. கடையிலேயே இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.