எங்கட ஏரியா பொலிஸ் ஸ்டேஷன்: ஆக்களுக்கு நாலு ஸ்டார், குடுத்திருக்கிற வசதிக்கு ஒரு ஸ்டார்

ஸ்டேஷன் பேர் போடல. போட்டா மேல இருக்கிற யாருக்கும் ஒண்ணும் ஆகாது, ராத்திரி கவுன்டர்ல தனியா நிக்கிற சின்னக் கொன்ஸ்டபிளுக்குத்தான் எங்கயாவது தூரத்துக்கு மாற்றம் வரும். கொழும்பு சிட்டி எல்லை முடிஞ்ச கையோட வர்ற ஏரியா, தமிழ் ஆக்கள் நிறைய, ஒரு பக்கம் பழைய லேன்கள், மற்றப் பக்கம் புதுசு புதுசா அபார்ட்மென்ட், நடுவில பழைய ரெண்டு மாடிக் கட்டடத்துல பொலிஸ். அவ்வளவு போதும், சிட்டியைச் சுத்தி இருக்கிற நிறையப் பேருக்கு வாசிக்கும்போது அவங்கட ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும்.

எங்கட வீட்டுப் பின்பக்கக் கிரில்லை வெட்டி தண்ணி மோட்டர், ரெண்டு கேஸ் சிலிண்டர், அம்மாட ஃபோன் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. இந்தப் பக்கம் இது புதுசில்ல, மோட்டர், தண்ணி மீட்டர், செம்புக் கம்பி, கானுக்கு மேல போட்ட இரும்பு மூடி வரைக்கும் பழைய இரும்புக் கடையில காசாகிற எதையும் ராத்திரியில வெளிய வைக்க ஏலாது, குடு, ஐஸ் மாதிரிப் போதைப்பொருளுக்குக் காசு தேடுறவங்க வேலைன்னு லேன்ல எல்லாருக்கும் தெரியும். 119க்கு அடிச்சேன், உடனே எடுத்தாங்க, மரியாதையா விபரம் கேட்டாங்க, ஸ்டேஷனுக்கு அறிவிக்கிறோம்ன்னு சொன்னாங்க. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அங்க இருந்து தகவல் எவ்வளவு வேகமாப் போனாலும் வரவேண்டியது எங்கட ஸ்டேஷன் ஜீப்தானே, அந்த ஜீப் இல்ல.

ஏன் இல்லன்னு பிறகுதான் விளங்கிச்சு. ஸ்டேஷனுக்கு இருக்கிற ஜீப்புல ஒண்ணு பார்ட்ஸ் இல்லாம கராஜ்ல நிக்குது, மற்றது கோட்ஸுக்குப் போயிருந்துச்சு. பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால நிறுத்தணும்ங்கிறது சட்டம், அது நியாயமான சட்டம், அதைத் தள்ளிப்போட முடியாது, அதனால விடிஞ்சா ஜீப்போட முதல் ஓட்டம் கோட்ஸுக்கு, வழியில சட்ட வைத்திய அதிகாரிக்கிட்டக் காட்டவேண்டிய ஆள் இருந்தா ஹொஸ்பிட்டலுக்கும், அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்கள மாதிரி ஆக்கள்.

வந்தது ஒரு சார்ஜன்ட், ஐம்பதைத் தொடுற வயசு, தன்ட சொந்த பைக்ல, தன்ட பெற்றோல்ல. வந்து வீட்டைச் சுத்திப் பார்த்து, வெட்டின கம்பியை ஃபோன்ல படம் எடுத்து, பக்கத்து வீட்டு அங்கிள்ட சீசீடிவியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அரைகுறைத் தமிழ்ல "அம்மா, கிரில்ல யாரும் கை வைக்க வேணாம், சொகோ வரணும்"ன்னு பொறுமையாச் சொல்லிட்டுப் போனார். கைரேகை எடுக்கிற சொகோ டீம் எங்கட ஸ்டேஷனுக்கு மட்டும் இல்ல, டிவிஷன்ல இருக்கிற மற்ற ஸ்டேஷனுக்கும் அவங்கதான், அதனால அவங்க வந்தது அடுத்த நாள் மத்தியானம் தாண்டி, அதுக்குள்ள இரவு மழை. வெளிப்பக்கம் எந்த அடையாளமும் மிஞ்சல. கோபப்பட்டு யாரைப் பேசுறது, வந்த ரெண்டு பேரும் முதல் நாள் போன இடத்தைப் பத்திச் சொன்னதைக் கேட்டா அவங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது.

அடுத்தது முறைப்பாடு. ஃபோனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் என்ட்ரி போடணும், பொருள் அம்மாட பேர்ல, அம்மாவுக்கு சிங்களம் கடையில பேசுற அளவுக்குத்தான். தமிழ்ல எழுதக்கூடிய ஒரே ஒரு பெண் கொன்ஸ்டபிள், அவ லீவ்ல ஊருக்குப் போயிட்டா. கவுன்டர்ல இருந்த பொடியன் நல்லவன், "அம்மே சிங்களத்துல சொல்லுங்க, நான் எழுதுறேன்"ன்னான், ஆனா சிங்களத்துல எழுதினதை வாசிக்கத் தெரியாம அம்மா எப்படிக் கையெழுத்துப் போடுறது? இந்த இடத்துல தமிழ் ஆக்கள் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கொள்ளவேண்டிய ஒரு விஷயம் இருக்கு. 1979ம் ஆண்டின் 15ம் இலக்க குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையில 109ம் பிரிவு, வாயால சொல்ற முறைப்பாட்டைச் சொன்ன பாஷையிலயே எழுதி வாசிச்சுக் காட்டணும்ங்குது, அந்தப் பாஷையில எழுத ஆள் இல்லாட்டி முறைப்பாட்டாளரையே எழுத்துல தரச் சொல்லிக் கேக்கணும்ங்குது. நான் அதைச் சொன்னதும் பொடியன் தடுக்கவே இல்ல, சந்தோஷமா ஒரு பேப்பர் தேடினான். தேடினான், கிடைக்கல. அதுதான் பிரச்சினை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டோகொப்பிக் கடையில போய் நான்தான் வாங்கிட்டு வந்தேன், எனக்கு முன்னால நின்ன ஆளும் அதே கடையில இருந்து ஐடி கொப்பி எடுத்துட்டு வந்தவர்தான்.

ஒரு அரச காரியாலயத்துல முறைப்பாடு எழுத பேப்பர் இல்லங்கிறதைச் சின்ன விஷயமா விட என்னால ஏலாது. இன்னும் பெரிய புத்தகத்துல கையாலதான் எழுதுறாங்க, ஒருத்தர் எழுதி முடியும் வரைக்கும் மற்றவர் நிக்கணும், நடுவில டெலிஃபோன் அடிச்சா அதையும் அதே ஆள்தான் எடுக்கணும், வயர்லஸ்ல கூப்பிட்டா அதுக்கும் அவன்தான்.

எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது வேற ஒண்ணைப் பார்த்து. சிறுவர் மகளிர் பணியகம்ன்னு போர்ட் இருக்கு, உள்ள போனா தனி அறை இல்ல, ஒரு பெரிய இரும்பு அலுமாரியைத் திருப்பி வச்சு மறைச்சிருக்காங்க. அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, கை வீங்கி, தன்ட வீட்டுல நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கா, இந்தப் பக்கம் பெஞ்ச்ல இருக்கிற நாங்க எல்லாரும் கேக்கிறோம், காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? எழுதின பெண் பொலிஸ் குரலைத் தாழ்த்தி, அக்கா மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்லன்னு எவ்வளவோ பக்குவமா நடத்தினா, ஆனா அலுமாரி சுவர் ஆகாது. அந்த நிலைமையில ரெண்டாம் தரம் அங்க வந்து பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும். 1938ன்னு பெண்களுக்கான உதவி இலக்கம் இருக்கு, 1929 சிறுவர்களுக்கு, ஸ்டேஷன்ல பேசத் தயங்குறவங்க முதல்ல அதுக்கு அடிங்க, ஆனா கடைசில வாக்குமூலம் எழுதப்படுறது அந்த அலுமாரிக்குப் பின்னாலதான்.

பெஞ்ச்ல இருந்த நேரம் சுத்திப் பார்த்தேன். தண்ணி ஃபில்டர்ல ஒரு ஹாட்வெயார் கடை ஸ்டிக்கர், சுவர்க் கடிகாரத்துல ஒரு நகைக் கடை பேர், பெஞ்ச்ல ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சி பேர். பிரிண்டரும் யாரோ வியாபாரி வாங்கிக் குடுத்ததாம், டோனர் முடிஞ்சா அவரையேதான் கேக்கணுமாம். ஏரியாவுல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், நல்ல மனசோட குடுக்கிறவங்கதான் அதிகம், கோயில் திருவிழாவுக்கும் சேர்ச் ஃபீஸ்டுக்கும் பாதுகாப்புக்கு வர்ற பொலிஸுக்கு ஒரு உதவின்னு செய்றாங்க. ஆனா எனக்கு இது பயமா இருக்கு. டயர் வாங்கிக் குடுத்த முதலாளிக்கும் வாடகை வீட்டுல இருக்கிற ஒரு அன்ட்டிக்கும் காணிப் பிரச்சினை வந்தா, கவுன்டர்ல இருக்கிற ஆள் எவ்வளவு நேர்மையானவரா இருந்தாலும் அந்த அன்ட்டி மனசுல சந்தேகம் வரும், வராம இருக்காது. பொலிஸுக்குப் பேப்பரும் பெற்றோலும் வரவேண்டியது திறைசேரியில இருந்துதான், கடைக்காரங்கட பொக்கட்ல இருந்து இல்ல.

காசு எங்கன்னு கேட்டா, பொலிஸ் ஒதுக்கீட்டுல பெரிய பங்கு சம்பளத்துக்கும் கொடுப்பனவுக்கும்தான் போகுது, அதுல கை வைக்கச் சொல்லவும் முடியாது, அந்தப் பொடியன்கள் வாங்குறதே குறைவு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, தனியார் வாகனத்துக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில, இடையில 2022ல பெற்றோல் கியூ, க்யூஆர் கோட், அந்த வருஷங்கள்ல பழைய ஜீப்பை ஒட்டுப் போட்டு ஓட்டினதோட மிச்சம்தான் இப்ப கராஜ்ல நிக்குது. இந்தியாவோட கடனுதவியில 500 வாகனம் தர்ற திட்டத்துல 2022 டிசம்பர்ல 125 ஜீப் வந்துச்சு, நல்லது, ஆனா நாட்டுல 600க்கும் மேல ஸ்டேஷன் இருக்கு, பிரிச்சுப் பாருங்க. ஆள் பக்கமும் அப்படித்தான், 2025ல பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால கிட்டத்தட்ட 28,000 வெற்றிடம் இருக்குன்னு சொல்லியிருந்தார், புதுசா ஆள் எடுக்கவும் தொடங்கியிருக்காங்க, ஆனா எடுத்து ட்ரெய்னிங் குடுத்து ஸ்டேஷனுக்கு வரும் வரைக்கும் இருக்கிறவங்கதான் ரெட்டை ஷிஃப்ட்.

இதுல வெளி ஏரியாவுக்குன்னு தனியா ஒரு அநியாயம் இருக்கு. 2012 கணக்கெடுப்புல கொழும்பு மாவட்டத்துலதான் நாட்டுலயே கூடின சனம், 2024 கணக்கெடுப்புல கம்பஹா முன்னுக்கு வந்துட்டுது, ரெண்டுலயும் தலா 23, 24 லட்சத்துக்குக் கிட்ட. சிட்டிக்குள்ள வாடகை குடுக்க ஏலாத குடும்பங்கள் பாலம் தாண்டி வந்துகொண்டே இருக்கு, கொட்டாஞ்சேனையில இருந்த எங்கட சொந்தக்காரங்கள்ல பாதிப் பேர் இப்ப இந்தப் பக்கம்தான். சனம் நகர்ந்துச்சு, பொலிஸ் வசதி அந்த வேகத்துல நகரல. கோட்டை, கறுவாத்தோட்டம், பாராளுமன்றப் பக்கம் தடுப்புக்கும் ஊர்வலத்துக்கும் பெரிய ஆள் வரும்போதும் நிறுத்த ஆள் இருக்கு, சில நாள் அந்த ஆக்களையே எங்கட மாதிரி ஸ்டேஷன்ல இருந்துதான் இழுக்கிறாங்க. 2024 ஜனவரியில சிட்டி ரோட்டுல கெமரா வச்சு டிராஃபிக் குற்றம் பிடிக்கத் தொடங்கினாங்க, எங்கட லேன்ல இருக்கிற ஒரே கெமரா பக்கத்து வீட்டு அங்கிள் சொந்தக் காசுல போட்டது. முன்னாள் ஜனாதிபதிமாரோட பாதுகாப்பு ஆக்களைக் குறைச்சாங்களே, அது சரியான முடிவு, அப்படி மிச்சமாகிறவங்கள முதல்ல இரவு ரோந்தே இல்லாத வெளி ஸ்டேஷனுக்கு அனுப்பணும், அதுல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க ஷிஃப்டுக்கு ஒருத்தராவது இருக்கணும்.

ஸ்டேஷனைப் பத்தி நல்லதும் சொல்லணும், நிறைய இருக்கு. ஃபோன் கிடைச்சது. பொலிஸோட ஐ நீட் வெப்சைட்ல ஃபோனுக்குரிய தனி அடையாள இலக்கமான ஐஎம்இஐ நம்பரைப் போட்டு ஒன்லைன்ல முறைப்பாடு பதிஞ்சிருந்தேன், என்ட்ரி கொப்பியும் குடுத்தேன், கொஞ்சக் காலம் போய் அந்தச் சார்ஜன்ட்தான் கோல் எடுத்து, தம்பி, அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னார். ஒருத்தரும் ஒரு சதம் கேக்கல, தேத்தண்ணிக்குக்கூட. மோட்டர் கிடைக்கல, சிலிண்டர் கிடைக்கல, அதைத் தேட ஏரியாவுல இருக்கிற பழைய இரும்புக் கடை எல்லாம் ஏறி இறங்க ரெண்டு ஆள் முழு நாள் வேணும், அந்த ரெண்டு ஆள் இல்லன்னு அவரே வெளிப்படையாச் சொன்னார், சுத்தி வளைச்சுப் பேசாததுக்காகவே அவர்ல எனக்கு மரியாதை. தங்கச்சி வெளிநாடு போக எடுத்த பொலிஸ் ரிப்போர்ட்டும் ஒன்லைன்ல விண்ணப்பிச்சு, ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்து விசாரிச்சு, சுத்தமா முடிஞ்சது.

அதனாலதான் ஆக்களுக்கு நாலு ஸ்டார். ஒண்ணைக் குறைச்சது, பகல்ல கவுன்டர்ல இருந்த ஒருத்தர் வயசான ஒரு ஐயாவை சிங்களம் தெரியாதான்னு எல்லாருக்கும் முன்னால சத்தம் போட்டதுக்கு. எவ்வளவு வேலை இருந்தாலும் அது கூடாது. கட்டடம், வாகனம், பேப்பர், தமிழ் வசதி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ஸ்டார், அந்த ஒண்ணும் டொய்லட்டை யாரோ தினமும் கழுவி வைக்கிறதுக்காக.

போறவங்களுக்குச் சில விஷயம். அவசரமில்லாத முறைப்பாடுன்னா காலைல கோட்ஸ் நேரத்துல போகாதீங்க, பின்னேரம் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். தமிழ்ல வீட்டுலயே தெளிவா எழுதி ரெண்டு கொப்பி கொண்டு போங்க, திகதி, நேரம், பொருளோட சீரியல் நம்பர் எல்லாம் போட்டு, ஃபோன்னா *#06# அடிச்சு ஐஎம்இஐ நம்பரை இப்பவே எங்கயாவது எழுதி வச்சுக்கொள்ளுங்க, தொலைஞ்ச பிறகு அதை அடிக்க ஃபோன் இருக்காது, வாங்கின பெட்டியைத்தான் தேடணும். சிங்களத்துல எழுதின எதுலயும் விளங்காம கையெழுத்து வைக்காதீங்க, வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. பொறுப்பதிகாரியால முடியலன்னா டிவிஷனுக்குப் பொறுப்பான எஸ்எஸ்பி (சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர்) ஒஃபிஸுக்கு எழுதலாம், 2025 ஓகஸ்ட்ல இருந்து பொலிஸ் மாஅதிபருக்கே வட்ஸ்அப்ல அனுப்பவும் ஒரு இலக்கம் இருக்கு. நான் ரெண்டுக்கும் எழுதினது மோட்டரைப் பத்தி இல்ல, அந்த அலுமாரியைப் பத்தி, ஒரு சின்ன அறை கட்டித் தாங்கன்னு. நீங்களும் உங்கட ஸ்டேஷன்ல அப்படி ஒண்ணைப் பார்த்தா எழுதுங்க, பிரதேச சபை உறுப்பினர்கிட்டயும் எம்பிகிட்டயும் கேளுங்க, கேக்கும்போது கடைக்காரங்ககிட்ட வாங்கித் தர்றோம்ன்னு சொன்னா வேணாம், பொலிஸ் ஒதுக்கீட்டுல இருந்து தாங்கன்னு எழுத்துல கேளுங்க.