ஒரே பெட்டியில் நாய், பூனை, முயல்: வீட்டு க்ரூமிங் கிட் எதற்கெல்லாம் தேறும்?

சார்ஜ் போடும் க்ளிப்பர், அதில் மாட்ட 3, 6, 9, 12 மி.மீ. கார்டு சீப்புகள் (எவ்வளவு நீள முடியை விட்டுவைப்பது என்பதைத் தீர்மானிப்பவை), ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ளது), உதிர்முடி எடுக்கும் ப்ளேடு பிரஷ், ஸ்டீல் சீப்பு, கத்தரிக்கோல், நகவெட்டி, நகம் தேய்க்கும் கிரைண்டர். ‘எல்லாச் செல்லப்பிராணிகளுக்கும்’ என்று விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். அட்டையில் நாய், பூனை, முயல் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் நாய்க்கானது. முயலுக்கு உருப்படியாக உதவுவது சீப்பும் நகவெட்டியும் மட்டும்தான்.

அந்த ஸ்டீல் சீப்புதான் பெட்டியிலேயே சிறந்த பொருள். ஒரு பாதி நெருக்கமான பல், மறு பாதி அகலப் பல். ஸ்லிக்கரால் மேலோட்டமாக வாரிவிட்டால் நீள முடி நாய் பளபளவென்று தெரியும். அடியில் சிக்கு அப்படியே கிடக்கும். முடியைக் கையால் வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி பிரித்து, ஒவ்வொரு வரிசையாக, நுனியில் தொடங்கி வேர் நோக்கி ஸ்லிக்கரைப் போட வேண்டும். பிறகு சீப்பின் நெருக்கப் பல் தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் ஓடினால் வேலை முடிந்தது என்று பொருள். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசும் இடம் – சிக்கு எப்போதும் இங்கேதான் பிடிக்கும். இதைக் குளிப்பாட்டும் முன்பே செய்துவிட வேண்டும். நனைந்த சிக்கு காயும்போது இறுகிக் கம்பளித் துண்டு போல ஆகிவிடும். ஸ்லிக்கரை அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து கன்றிப்போகும். உங்கள் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் எவ்வளவு அழுத்தம் போதும் என்று தெரிந்துவிடும்.

க்ளிப்பரைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி ஒன்றுதான்: ‘முடியைக் கடிக்கிறது’. குற்றம் பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. கார்டு சீப்பு மாட்டியிருந்தால் அது குளித்து, முழுக்கக் காய்ந்து, சிக்கெடுத்த முடியில் மட்டுமே நகரும். அழுக்கு முடியில் தடுக்கி நிற்கும், வரி வரியாகத் தடம் விடும், ப்ளேடும் சீக்கிரம் மழுங்கும். பல்வரிசையில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, சில நொடி ஓடவிட்டுத் துடைத்த பிறகே தொடங்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளேடை மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் வயிற்றுத் தோலுக்கும் சுடும். செராமிக் ப்ளேடு எஃகை விட மெதுவாகச் சூடேறும், ஆனால் கைதவறிக் கீழே விழுந்தால் பல் உடைந்துவிடும்.

தனியாக ப்ளேடு வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்துக் குழம்புவார்கள். எண் கூடக்கூட வெட்டு குட்டையாகும்: 10-ஆம் எண் சுமார் 1.5 மி.மீ. முடியை விட்டுவைக்கும், 30-ஆம் எண் 0.5 மி.மீ. பூனையின் சடைக்கு, அதாவது இறுகிக் கட்டியாகிப்போன சிக்குக்கு, 10 போதும். பல் இடைவெளி அகலமான ப்ளேடு வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரம் போல எழும்பி பல்லுக்குள் போய்விடும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, ப்ளேடைப் படுக்கவைத்து, சடைக்கு அடியில் மெல்ல நகர்த்த வேண்டும். கிட்டில் வரும் கத்தரிக்கோலால் சடையை வெட்டவே வெட்டாதீர்கள். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது; பூனைக்குத் தையல் போடும்படி ஆகிவிடும்.

உதிர்முடி எடுக்கும் ப்ளேடு பிரஷ், அடிமுடி அடர்ந்த லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்குப் பொருந்தும். பூடில், ஷிட்சூவுக்கு வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் மேல்முடியையும் அறுத்துவிடும். உதிர்வு தாங்கவில்லை என்று பொமரேனியனையோ ஹஸ்கியையோ மொட்டையடிப்பது இன்னும் மோசம். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி சரியாக வளராது, திட்டுத் திட்டாக நிற்கும்.

நகவெட்டி கூர்மையாக இருந்தால் சரி. மழுங்கினால் நகத்தை வெட்டாமல் நசுக்கும், நாய் அடுத்த முறை காலே கொடுக்காது. வெள்ளை நகத்தில் இரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தலாம். கறுப்பு நகத்தை மெல்லிய சீவலாகச் சீவுங்கள். வெட்டுமுகம் முதலில் வறண்டு வெளிறி இருக்கும், நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இரத்தம் வந்தால் அதை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர், அது இல்லாவிட்டால் கார்ன்ஃப்ளார் வைத்து ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். கிட்டில் இந்தப் பவுடரை வைக்காதது பெரிய குறை. கிரைண்டரை நகத்தில் இரண்டு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது, சூடேறும். பாத முடி நீளமாக இருந்தால் சுழலும் தலையில் சுற்றிக்கொள்ளும். பழைய நைலான் காலுறையைப் பாதத்தில் மாட்டி நகங்களை மட்டும் துளைத்து வெளியே எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

முயலுக்கும் பூனைக்கும் முன்கால் ஒன்றுக்கு 5, பின்கால் ஒன்றுக்கு 4, ஆக 18 நகம். கினிப் பன்றிக்கு 14. முயலைப் பிடிக்கும்போது பின்பாகத்துக்குக் கை தாங்கலாக இருக்கட்டும். அது திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். முடி உதிரும் காலத்தில் தினமும் சீப்பு போடுவது அழகுக்காக அல்ல: முயலால் வாந்தி எடுக்க முடியாது, நக்கி விழுங்கிய முடி குடல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இலவசமாக வரும் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். உண்ணிக்கான பெர்மெத்ரின் இருந்தால் அது நாய்க்கு மட்டும், பூனைக்கு விஷம். டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு ஆகாது. முயலுக்கு எந்த ஷாம்புவும் வேண்டாம், அதைக் குளிப்பாட்டவே கூடாது. பின்புறம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து உலர்த்திவிடுங்கள்.